முடிவு மிக அருமை

புதிதாக நூலகத்துக்குள் காலெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளே, பகுப்பாக்கம், பட்டியலாக்கம் பற்றி என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். அவற்றை உங்களுக்குப் படிப்பித்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் சொல்லப்போவது, வேலையில் இருந்த காலத்தில் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. பெரிய பொய் இல்லை, ஒரே ஒரு வசனம். ஒரு நாவலையும் அதை வாசித்ததாகச் சொன்னவர்களையும் அறியாமல் அந்தப் பொய் விளங்காது என்பதால், அங்கேயிருந்தே தொடங்குகிறேன்.

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "ஓ, அதுவா!" என்று தலையாட்டுவீர்கள். வாசித்திருக்க மாட்டீர்கள். விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்துக் கதை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பெடியன், கொடுமைக்காரச் சித்தப்பன், குளிரும் பட்டினியுமாக ஒரு விடுதிப் பள்ளிக்கூடம், பிறகு லண்டன், பிழையான பெண், அதன் பிறகு சரியான பெண். இவ்வளவுக்கும் எண்ணூற்று முப்பத்திரண்டு பக்கம். தலைக்கு வைத்துப் படுக்கலாம், கதவுக்கு முண்டு கொடுக்கலாம். எங்கள் நூலகத்தில் அது இரண்டுக்கும் பயன்பட்டிருக்கிறது.

நூலகம் யாழ்ப்பாணத்தில் இணுவிலுக்குக் கிட்ட, ஊர்ச் சங்கம் ஒன்று நடத்தியது. இரண்டு அறை, ஒரு பேப்பர் மேசை, நான். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு மின்சாரம் இல்லை, ரெயில் இல்லை. மண்ணெண்ணெயே வந்து சேராத இடத்துக்குக் கொழும்பிலிருந்து நாவலா வரப்போகிறது? உள்ள தமிழ்ப் புத்தகங்களை ஊர் இரண்டு முறை வாசித்து முடித்துவிட்டது. அப்போதுதான் எங்கள் பென்சன்காரர்களின் கண் ஆங்கில அலுமாரியில் விழுந்தது. இங்கிலீசில் படித்து, இங்கிலீசில் கையெழுத்து வைத்து, இங்கிலீசில் பென்சன் எடுத்தவர்கள். அந்தத் தடித்த நாவலை எடுக்காமல் போனால் மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒரு சட்டம் போட்டேன். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, கவுண்டரில் நூலில் கட்டித் தொங்கும் அபிப்பிராயக் கொப்பியில் அரைப் பக்கம் எழுத வேண்டும். முடிவைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் இல்லை. வாசிப்பை வளர்க்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. சங்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

கொப்பி நிறைந்தது. ஓய்வு பெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் எழுதினார்: "கதாநாயகன் ஊரிலிருந்து லண்டன் போன வேகத்தில் எந்த வண்டியும் போக முடியாது. ஆசிரியர் நேர அட்டவணை பார்த்து எழுதியிருக்கலாம். முடிவு மிக அருமை." புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர், பழைய எட்டாம் வகுப்பு இங்கிலீசுக்காரர், எழுதினார்: "புத்தகம் முழுக்க மழை பெய்கிறது. ஒருவரும் ஒன்றும் நடவில்லை. முடிவு மிக அருமை." ஓய்வு பெற்ற தபாலதிபர், கதையில் கடிதங்கள் பிழையான ஆளின் கையில் போய்ச் சேர்வதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கோபப்பட்டார். தன் காலத்தில் என்றால் விசாரணை வைத்திருப்பாராம். அவருக்கும் முடிவு மிக அருமை.

ஓய்வு பெற்ற மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். பாதி ஊரின் தொப்புள்கொடி அவர் வெட்டியது. அவர் நான்கே வரி எழுதிக் கொப்பியை என் பக்கம் தள்ளினார். "நாலு பிள்ளை பிறக்குது, ஒருத்தரும் சுடுதண்ணி வைக்கேல்லை. நடுவிலை விட்டிட்டன்" என்று இருந்தது.

"அக்கா, முடிவைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே" என்றேன்.

"வாசிச்சாத்தானே எழுத?"

"சட்டம் எண்டால் எல்லாருக்கும் சட்டம். எழுதாட்டி அடுத்த புத்தகம் தரேலாது."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பேனையை எடுத்து, 'முடிவு மிக அருமை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். "இந்தா. இப்ப சந்தோசமே? புத்தகத்தைத் தா" என்றார். நானும் கொடுத்தேன். அந்தக் கொப்பியில் இருந்த ஒரே உண்மையான அபிப்பிராயத்தை என் கையாலேயே பொய்யாக்கினேன் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

இந்த நேரத்தில் எனக்கு உதவியாளராக இருந்த பெண் கலியாணமாகிக் கனடா போய்விட்டாள். அந்த இடத்துக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருத்தி சங்கத் தலைவரின் தம்பி மகள், பட்டதாரி. மற்றவள் றெஜினா. குருநகர்ப் பிள்ளை, இருபத்து நான்கு வயது. கரையோரம் முழுக்கச் செல் குண்டு விழுந்த பிறகு குடும்பத்தோடு இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் இருந்தாள். தகப்பனுக்குக் கடலுக்குப் போகத் தடை. தாய்க்கு ஆஸ்துமா. தம்பிமார் இரண்டு பேர் படிக்கிற வயது. அந்த வீட்டில் வேலை என்று ஒருவருக்கும் இல்லை. சங்கம் தரும் சம்பளம் சின்னதுதான், ஆனால் மாதம் பிறந்தால் வரும். றெஜினாவுக்கு அந்த இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஐந்து பேரின் சாப்பாடு. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் செய்ததைச் செய்தேன்.

தலைவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். முப்பது வருடம் அதே நாவலைப் படிப்பித்தவர். "ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்கிறனான்" என்பார். தேர்வுக்கு அவர் ஒரு வழி சொன்னார்: இரண்டு பிள்ளைகளும் அந்த நாவலை வாசித்து அபிப்பிராயம் எழுதட்டும். ஒரே பிரதி, ஆளுக்கு இரண்டு கிழமை. முதலில் தம்பி மகள், பிறகு றெஜினா. தெரிவுக்குழு மூன்று பேர்: தலைவர், ஸ்ரேசன் மாஸ்ரர், நான்.

சனிக்கிழமை காலை நேர்முகம். தம்பி மகளின் கட்டுரையைத் தலைவரே உரக்க வாசித்தார். நாயகன் கடைசியில் சரியான பெண்ணைக் கரம் பிடிப்பதையும், இல்லற தீபத்தையும் பற்றி அழகான இங்கிலீசு. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு றெஜினா உள்ளே வந்தாள். கன்னியாஸ்திரிமாரிடம் படித்த கையெழுத்து, அச்சடித்தது போல. பெடியனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, சித்தப்பனைப் பற்றி, பிழையான பெண்ணைக் கதாசிரியர் ஏன் சாகடித்தார் என்பதைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தாள். கடைசி வரி: 'இந்தப் பிரதிக்கு முடிவு இல்லை.'

தலைவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "முடிவு இல்லையோ? என்ன பிள்ளை கதைக்கிறீர்?"

"கடைசியிலை வாறது வேறை ஆக்கள், சேர். ஒரு விதவை மனுசி, ஒரு நொண்டி மாலுமி. பெடியனைக் காணேல்லை. அவன்ரை பேர்கூட இல்லை."

நான் எதிர்பார்க்காத வேகத்தில் தலைவர் சிரித்தார். "உதுதான் பெரிய எழுத்தாளன்ரை வித்தை. நாயகன் இல்லாமலே கதையை முடிக்கிறது. மேலோட்டமா வாசிச்சால் பிடிபடாது."

"ஓமோம், நானும் கவனிச்சனான்" என்றார் மாஸ்ரர். கொஞ்சத்துக்கு முன்னர் அதே நாயகனின் கலியாணத்துக்குக் கண்ணாடி துடைத்த மனுசன்!

றெஜினா அவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, புத்தகம் உங்கடை கையிலைதானே கிடக்கு. திறந்து பாருங்கோவன்" என்றாள்.

புத்தகம் என் மடியில் இருந்தது. திறக்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்தப் புத்தகத்தை ஒரு வருடத்துக்கு முன்னர் பிரித்துத் தைத்துக் கட்டியது நான். கோதுமை மா கிடைக்காத காலத்தில் எங்கோ ஒரு சுண்டு மா தேடி, பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் துரிசு போட்டு, முதுகில் பிடவைத் துண்டு ஒட்டிக் கட்டிய கட்டு. யாழ்ப்பாணத்திலேயே அப்படிக் கட்டுகிற ஆள் இல்லை என்று தலைவர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். நேற்று வந்த ஒரு பெட்டை, இரண்டு பெரியவர்களுக்கு முன்னால், நான் கட்டிய புத்தகத்தில் பிழை சொல்கிறாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"இந்தப் புத்தகம் நான் கட்டினது. ஒரு பக்கமும் பிழை இல்லை" என்றேன். நான் சொன்ன பொய் இதுதான்.

பிழை இருக்கிறது என்று தெரிந்து சொல்லவில்லையே, அது எப்படிப் பொய் என்று கேட்பீர்கள். நான் அந்த நாவலை முந்நூறாம் பக்கத்தோடு விட்டவள். முடிவை வாசித்ததே இல்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால் அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. றெஜினா கட்டுரையைத் திரும்ப வாங்காமலே எழும்பிப் போனாள். நாங்கள் மூன்று பேரும் தம்பி மகளுக்கு நியமனம் கொடுக்கலாம் என்று கையெழுத்து வைத்தோம். கடிதம் திங்கட்கிழமை போகும்.

எல்லாரும் போன பிறகு, மத்தியானம், சும்மா பார்ப்போம் என்று கடைசிப் பகுதியைத் திறந்தேன். சும்மா என்ன சும்மா, உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு, எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது, எண்ணூறு. அடுத்த பக்கம் அறுநூற்றொன்பது.

எழுத்து அதே எழுத்து, கடுதாசி அதே பழுப்பு. எண் மட்டும் எண்ணூறிலிருந்து அறுநூற்றொன்பதுக்குப் பின்வாங்கி, அங்கேயிருந்து அறுநூற்று நாற்பதுக்குப் போய் முடிகிறது. ஒரு விதவை, ஒரு நொண்டி மாலுமி. ஒரு வருடமாக ஊரே வாசித்து, ஊரே அருமை என்று எழுதிய முடிவு!

எப்படி நடந்தது என்று உடனே விளங்கிவிட்டது. அதே பதிப்பகத்தின் இன்னொரு நாவலையும் அன்றைக்குச் சேர்த்துத்தான் பிரித்திருந்தேன். முப்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டாக, இரண்டின் கட்டுகளையும் பாயில் வரிசையாக அடுக்கித் தைக்கத் தொடங்க, குண்டு போடும் பொம்பர் விமானம் இரையும் சத்தம் கேட்டது. இரண்டையும் ஒன்றாக வாரிச் சுருட்டிக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தேன். வெளியே வந்து அடுக்கியபோது கடைசிக் கட்டுகள் இரண்டும் இடம் மாறியிருக்க வேண்டும். அலுமாரிக்கு ஓடி மற்ற நாவலை எடுத்தேன். அதை ஒருவரும் இரவல் எடுத்ததே இல்லை. அதன் வாலில் எங்கள் பெடியன் சரியான பெண்ணோடு பத்திரமாக இருந்தான், எண்ணூற்றொன்று முதல் எண்ணூற்று முப்பத்திரண்டு வரை.

பொம்பருக்குப் பயந்து பக்கம் மாறியதற்கு நான் வெட்கப்படவில்லை. பங்கருக்குள் பக்க எண் பார்க்கிற நூலகரை எனக்குக் காட்டுங்கள், காலில் விழுகிறேன். நேர்முகத்தில் ஒரு வசனம் சொன்னதுதான் வெட்கம்.

நேரே தலைவர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். இரண்டு புத்தகத்தையும் மேசையில் வைத்து எண்களைக் காட்டினேன். அவர் முகம் கொஞ்ச நேரம் கறுத்துப்போய் இருந்தது. பிறகு அமைதியாகச் சொன்னார்: "பிரிச்சுத் திருப்பிக் கட்டும். ரண்டு மணித்தியால வேலை. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"அப்ப அந்தப் பிள்ளை, சேர்?"

"அவளுக்கு வேறை எங்கையும் கிடைக்கும். நீர் உம்மடை பேரை யோசியும். கட்டினது ஆர்? பிழை இல்லை எண்டு சொன்னது ஆர்?"

"நீங்கள் ஆண்டுக்கு ஒருக்கா வாசிக்கிறனீங்கள் எல்லோ?" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். தைரியம் என்பது எப்போதும் வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் திருப்பிக் கட்டத்தான் தொடங்கினேன். பிளேடால் நூலை அறுத்து, இரண்டு கடைசிக் கட்டுகளையும் கழற்றி, ஊசியில் நூல் கோத்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் இப்போது இதைச் சரியாகத் தைத்தால், றெஜினா சொன்னது என்றென்றைக்கும் பொய்யாகிவிடும். நாளைக்கு அவள் வந்து "திறந்து பாருங்கோ" என்றால், திறந்தே காட்டலாம். ஒரு பிழையும் இராது. ஒரு வேலையைத் திருத்துவதால் ஒரு பிள்ளையைக் கள்ளியாக்கலாம் என்று எனக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் யாரும் சொல்லித் தரவில்லை. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழும்பினேன். மனுசருக்குப் பயப்படுவதும் ஒரு அளவுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் வாசிக்க ஊரே வரும். அதற்கு முன்னர் பேப்பர் மேசையின் நடுவில் அந்த நாவலை எண்ணூறாம் பக்கத்தில் விரித்து, அதற்குப் பக்கத்தில் அறுநூற்றொன்பதாம் பக்கத்தை வைத்து, அபிப்பிராயக் கொப்பியையும் திறந்து வைத்தேன். மேலே ஒரு அறிவித்தல்: 'இந்நூலின் கடைசி முப்பத்திரண்டு பக்கங்களும் வேறொரு நூலுக்கு உரியவை. மாற்றித் தைத்தவள் நான். நேற்று நேர்முகத்தில் பிழை இல்லை என்று சொன்னவளும் நான். பிழையைக் கண்டுபிடித்தவர் செல்வி றெஜினா ஒருவரே. முடிவைப் பற்றி எழுதிய ஏனையோர் விரும்பினால் திருத்தி எழுதலாம்.'

ஊர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. தபாலதிபர் கொப்பியைத் தூக்கித் தன் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தார். மருத்துவிச்சி அவர் கையைப் பிடித்து, "பொறும் ஐயா, விசாரணை வைப்பம்" என்றார். பிறகு தன் பக்கத்தைத் தேடி, 'முடிவு மிக அருமை'யை வெட்டிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அதற்கு நான் தகுதியானவள்தான்.

மாஸ்ரர் பத்து மணிபோல வந்தார். அறிவித்தலை இரண்டு முறை வாசித்தார்.

"அப்ப நான் எதை வாசிச்சனான்?" என்று கேட்டார்.

"நீங்கள் வாசிக்கேல்லை, மாஸ்ரர்."

கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "நாப்பது வருசம் சிக்னல் பாத்து வண்டி விட்டனான். ஒரு நம்பரைப் பாக்கத் தெரியேல்லையே எனக்கு" என்றார். "கடிதத்தைக் கொண்டாரும். என்ரை கையெழுத்தை வெட்டுறன்."

அவர் வெட்டினார், நானும் வெட்டினேன். மூன்றில் இரண்டு. றெஜினாவின் பெயருக்குப் புதுக் கடிதம் எழுதி, அதில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். தலைவரின் தம்பி மகள் மத்தியானம் தானாகவே வந்து, "நான் நூறு பக்கம்கூட வாசிக்கேல்லை அக்கா, பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினனான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. தலைவர் அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

பின்னேரம் நியமனக் கடிதத்தோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் இருக்கும் வாங்குப் பலகைகளை அடுக்கி, சேலை கட்டி மறைத்து, ஒரு வகுப்பறையில் மூன்று குடும்பம். றெஜினா வெளியே குழாயடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, கையைத் துடைக்காமலே நின்றாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு எவ்வளவு மறுக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

"அந்தக் கிழடுகள் வாசிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் திறப்பியள் எண்டு நினைச்சனான், அக்கா. உங்கடை கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் சைக்கிள் கூடையைப் பார்த்தாள்.

"மிச்சத்தைக் கொண்டு வந்தனீங்களோ?"

கொண்டு போயிருந்தேன். எதற்காகக் கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. கழற்றிய அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒரு பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். இப்போதுதான் கையைப் பாவாடையில் துடைத்து, அதை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் படிக்கட்டில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். தாய் உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள், அவளுக்குக் கேட்கவில்லை. வேலைக்கு வருவாளா மாட்டாளா என்று தெரியாமல், நியமனக் கடிதத்தைப் பிடித்தபடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் வெயிலில் நின்றேன். நில் என்று அவள் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தை முடித்து, கட்டைத் தட்டி ஒழுங்காக்கி, பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தாள்.

"கலியாணம் கட்டி நெருப்புக்கு முன்னாலை குந்தியிருக்கிறதுக்கோ எண்ணூறு பக்கம்?" என்றாள். "அந்த விதவை மனுசியின்ரை முடிவு இதைவிட நல்லம், அக்கா."

பிறகு கடிதத்தை என் கையிலிருந்து எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, கையெழுத்துகள் உட்பட, ஆறுதலாக வாசித்தாள். திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டாள்.